வெளிச்சத்தின் சக்தியும் வாயுவின் ஓட்டமும்



வெளிச்சத்திற்குள்ள சக்திக்கும், வாயுவின் மூலக்கூறுகள் ஓடுகின்ற வேகத்திற்கும் என்ன சம்பந்தம் என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகின்றோம். இது காலேஜுக்காரர் சமாச்சாரமல்லவா, நமக்கெதற்கு என்று சிலர் நினைக்கலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்த எவருக்கும் இது விளங்கும். விளங்காமற் செய்வது விஷயமல்ல, அதைச் சொல்லுகிறவர்களேயாகும்.

இந்தப் பந்தலுக்குள் காற்றே அசையவில்லை என்று விசிறிக்கொண்டிருக்கின்றீர்கள். ஆனால் இதே காற்றிலுள்ள நைட்ரஜன் மூலக்கூறு ஒவ்வொன்றும் சராசரி விநாடிக்குச் சுமார் 500 மீட்டர் வேகத்தில் பறந்துகொண்டிருக்கின்றது. ஒன்றோடொன்று ஓயாமல் முட்டித் திரும்புவதால் ஊர் போய்ச் சேருவதில்லை. இந்த ஓட்டந்தான் சூடு என்பது. ஓட்டம் கூடினால் சூடு கூடும், குறைந்தால் குளிரும். சூடென்று வேறு ஒரு வஸ்து கிடையாது.

இனி வெளிச்சம். 1900-இல் மாக்ஸ் பிளாங்க் துவக்கி, 1905-இல் ஐன்ஸ்டைன் துணிந்து சொன்னது என்னவென்றால், வெளிச்சத்தின் சக்தி பொட்டலம் பொட்டலமாகவே வருகின்றது என்பதாகும். அந்தப் பொட்டலத்திற்கு ஃபோட்டான் என்று பெயர். அதன் அளவை நிச்சயிப்பது நிறம். சிவப்புக்குக் குறைவு, ஊதாவுக்கு அதிகம். விளக்கைத் தூண்டினால் பொட்டலங்களின் எண்ணிக்கை பெருகுமேயொழிய, ஒரு பொட்டலம் பெரிதாகிவிடாது.

இப்பொழுது கணக்குக்கு வருவோம். தெருவில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கைப் பார்த்திருப்பீர்கள். அந்த மஞ்சள் ஃபோட்டான் ஒன்றின் சக்தி, 27 டிகிரி சூட்டில் ஒரு சோடியம் அணுவின் சராசரி ஓட்ட சக்தியைப் போல் 50 மடங்குக்கு மேல். சாதாரணமாக அந்த அணு விநாடிக்கு 570 மீட்டர் ஓடும். ஆகவே, பரீட்சைக்காகச் சூத்திரத்தை நெட்டுருப்போட்டவர் உடனே என்ன செய்கின்றார்? ஃபோட்டானின் சக்தியை ஒரு பக்கமும், அணுவின் ஓட்ட சக்தியை மறுபக்கமும் எழுதி, சமன் போட்டு, ஃபோட்டானை விழுங்கிய அணு விநாடிக்கு 4,200 மீட்டர் வேகத்தில் பறக்கும் என்று விடை சொல்லிவிடுகின்றார். பெருக்கலில் பிழையில்லை. ஆனால் அது நடக்கின்றதா என்றால் நடப்பதே இல்லை! அர்த்தம் தெரியாமல் மந்திரம் முணுமுணுப்பதற்கும், எதை எதற்குச் சமனாக்குகிறோம் என்று கேளாமல் சூத்திரம் ஒப்பிப்பதற்கும் என்ன பேதம் என்று கேட்கின்றோம்.

உண்மையில் அந்த அணுவின் வேகம் மாறுவது விநாடிக்கு 3 சென்டிமீட்டர் மட்டுமே. ஏனென்றால், இயற்கையில் சக்திக்கு மட்டுமல்ல, உந்தலுக்கும் கணக்கு உண்டு. ஃபோட்டானின் உந்தலைக் காண அதன் சக்தியை வெளிச்சத்தின் வேகத்தால், அதாவது விநாடிக்கு 30 கோடி மீட்டரால், வகுக்க வேண்டும். அவ்வளவு பெரிய எண்ணால் வகுத்தபின் மிஞ்சுவது என்ன? ஓடிவரும் காளையின் மேல் ஒரு நெல்மணியை எறிந்ததுபோலத்தான். அப்படியானால் மீதி சக்தி எங்கே போயிற்று? அணுவின் உள்ளே எலெக்ட்ரானை மேல்நிலைக்குத் தூக்கி வைக்கின்றது. கண் இமைப்பதற்குள், இல்லை, அதற்கும் எவ்வளவோ முன்னதாக, எலெக்ட்ரான் இறங்கிவிட, வாங்கிய சக்தி மறுபடியும் வெளிச்சமாகவே வெளியேறிவிடுகின்றது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1933-இல் ஹாம்பர்க் நகரில் ஆட்டோ ஃபிரிஷ் என்பவர், ஓடுகின்ற சோடியம் அணுக்களின் மேல் சோடியம் விளக்கின் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சி, அவை மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்கு விலகுவதை அளந்து காட்டினார். அந்த வருஷமே ஹிட்லர் சர்க்கார் அவர் யூதர் என்பதற்காக வேலையை விட்டுத் துரத்திற்று. அணுவை அளந்தவனிடம் பிறப்பைக் கேட்ட யோக்கியதை அவ்வளவுதான்.

நிற்க, 3 சென்டிமீட்டர் அற்பம் என்று தள்ளிவிடவேண்டாம். எதிரேயிருந்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 19,000 ஃபோட்டான்கள் தாக்கினால், 570 மீட்டர் வேகக்காரன் நின்றுவிடுவான். திரும்ப வெளிவரும் வெளிச்சம் எல்லாத் திசையிலும் போவதால் அதன் உதை ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஆனால் பின்னாலிருந்தும் வெளிச்சம் வந்தால் அது தள்ளிவிடாதா என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. ரயில் நம்மை நோக்கி வரும்போது ஊதல் உரத்த ஸ்தாயியிலும், விலகும்போது இறங்கியும் கேட்கின்றதல்லவா? அதுபோல, அணு விரும்புவதற்குச் சற்றுக் குறைந்த ஸ்தாயியில் லேசர் வெளிச்சத்தை வைத்தால், எதிர்த்து ஓடும் அணுவுக்கே அது பொருத்தமாகத் தோன்றும். பின்னாலிருந்து வருவதை அது சட்டை செய்யாது.

1985-இல் அமெரிக்காவில் பெல் ஆராய்ச்சிசாலையில் ஸ்டீவன் சூ என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் ஆறு புறமும் இவ்விதம் வெளிச்சத்தைப் பாய்ச்சி, சோடியம் வாயுவை, அதற்குக் கீழே குளிரே இல்லையென்னும் எல்லைக்கு மேல் ஒரு டிகிரியில் பத்து லட்சத்தில் 240 பங்கு வரை குளிரவைத்தார்கள். அணுக்களின் ஓட்டம் விநாடிக்கு அரை மீட்டருக்கு வந்துவிட்டது. இந்தத் துறை வேலைக்காக 1997-இல் சூ, கோஹன்-டனூஜி, ஃபிலிப்ஸ் ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வெளிச்சம் பட்டால் சூடேறும் என்பதுதானே நம் அனுபவம், இங்கே குளிர்ந்ததே, அந்தச் சூடு எங்கே என்று நீங்கள் கேட்கவேண்டும். அணு விழுங்கிய ஃபோட்டான் ஸ்தாயி குறைந்தது. திருப்பிக் கொடுத்தது சராசரியில் சற்று உயர்ந்தது. அந்தச் சிறு வித்தியாசமே அணுவின் ஓட்டத்திலிருந்து கழிந்த சக்தி. அது வெளிச்சத்தோடு வெளியே போய்விட்டது.