லார்ட் பக்லி: பேச்சையே ஜாஸாக வாசித்தவர்

மெழுகு தடவி முறுக்கிய மீசை. விருந்துக்கு உடுத்தும் கறுப்பு கோட்டு. லார்ட் பக்லி மேடைக்கு வந்து நின்றால், இங்கிலாந்துப் பிரபு ஒருவர் வழிதவறி இரவு விடுதிக்குள் நுழைந்துவிட்டதாகத் தோன்றும். கூடியிருப்பவர்களைப் பிரபுக்களே, சீமாட்டிகளே என்று அரசவை மரியாதையோடு விளிப்பார். அடுத்த மூச்சிலேயே அவர் வாயிலிருந்து வருவது ஹார்லெம் ஜாஸ் கலைஞர்களின் பேச்சு.

லார்ட் என்பது அவர் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம். ரிச்சர்ட் பக்லி 1906 ஏப்ரல் 5 அன்று கலிஃபோர்னியாவின் டுவாலமி என்ற சிற்றூரில் பிறந்தார். 1930-களில் சிகாகோ பக்கம், ஜோடிகள் நாள்கணக்கில் ஓயாமல் ஆடும் நடனப் போட்டிகளில் அறிவிப்பாளராக இருந்தார். களைத்துப்போன ஆட்டக்காரர்களையும் சலித்துப்போன கூட்டத்தையும் பேச்சாலேயே தட்டியெழுப்ப வேண்டிய வேலை அது. மேடைக் குரலை அவர் பழகியது அங்கேதான். அவரைப் பின்னாளில் தொலைக்காட்சிக்கு அழைத்துவந்தவர்களில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் எட் சல்லிவனும் ஒருவர்.

ஆனால் இன்று அவர் பெயர் நிலைப்பது தொலைக்காட்சியால் அல்ல. 1950-களில் அவர் சொல்லிப் பதிவான கதைகளால்.

அந்தக் கதைகளுக்கு அவர் எடுத்துக்கொண்ட மொழி, கறுப்பின இசைக் கலைஞர்கள் தங்களுக்குள் பேசிப் பேசி உருவாக்கியது. இசைக்குழுத் தலைவர் கேப் காலோவே 1938-லேயே அதற்கு ஓர் அகராதி போட்டுவிட்டார். அந்தப் பேச்சில் ஆள் என்றால் 'கேட்'. ஒன்றை ஆழ்ந்து உணர்ந்து ரசிப்பது 'டிக்'. இந்த வழக்கில் நகைச்சுவைத் துணுக்கு சொல்ல அன்று பலரால் முடிந்தது. பக்லி ஷேக்ஸ்பியரையும் விவிலியத்தையும் அதில் முழுமூச்சாகச் சொல்லிப் பார்த்தார். சீசரின் உடலருகே நின்று பேசும் மார்க் ஆண்டனி, அவர் கையில் 'செவி தாருங்கள்' என்பதற்குப் பதில், ரோமாபுரியின் ஜாஸ் பித்தர்களான ஹிப்ஸ்டர் கூட்டத்திடம் காது மடல்களைக் கேட்கும் ஆளாகிவிடுகிறார். சிரிப்பு வருகிறது. கொஞ்ச நேரத்தில் கூட்டத்தைத் தன் பக்கம் இழுக்கும் ஆண்டனியின் தந்திரமும் தெளிவாகக் கேட்கிறது.

அவருடைய உச்சம் 'த நாஸ்'. நாசரேத்து இயேசுதான் அந்த நாஸ். மூன்று அற்புதங்களை வரிசையாகச் சொல்கிறார். உடல் கோணிப்போன ஒருவனை நிமிரச் செய்தது, கொந்தளிக்கும் நீரின்மேல் நடந்தது, பசித்த கூட்டத்துக்கு உணவளித்தது. மெதுவாகத் தொடங்குகிறார். நோயாளியின் வேதனைக்குக் கரகரத்த குரல், சீடர்களின் பதற்றத்துக்கு வேகமான குரல், நாஸ் பேசும் இடத்தில் மட்டும் அமைதி. சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி வேகம் கூடிக்கொண்டே போகும், சட்டென்று நிறுத்துவார், அந்த இடைவெளியில் ஒரே ஒரு சொல் கட்டளையாக வந்து விழும். சாக்ஸஃபோன்காரர் ஒரு மெட்டைக் கையிலெடுத்து விரித்துக்கொண்டே போவதைப் போல, எல்லோருக்கும் தெரிந்த கதையை இவர் விரித்துக்கொண்டு போகிறார். கேலி ஒரு துளியும் இல்லை. கோயில் மொழியில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன அற்புதம் இங்கே மீண்டும் வியப்பாகிறது.

காந்தியைப் பற்றிய 'த ஹிப் கான்' கதையிலும் அதே அன்பு. விடுதலை பெற்ற இந்தியா தன் தலைவருக்குப் பெரிய இசை விருந்து வைக்கிறது. இத்தனை வாத்தியங்களில் எது பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். அவருக்குப் பிடித்தது ராட்டை. பஞ்சு நூலாகும் அந்தச் சுழற்சியையும் பக்லி ஒரு வாத்திய ஒலியாகவே குரலில் கொண்டுவருகிறார்.

ஒரு கேள்வியைத் தவிர்க்க முடியாது. வெள்ளைக்காரர் ஒருவர் கறுப்பின மக்களின் பேச்சை மேடையில் விற்கலாமா? பக்லியின் தொடக்ககால நிகழ்ச்சி ஒன்றில் நான்கு பேரை நாற்காலிகளில் உட்காரவைத்து, பின்னால் நின்று அவர்களுக்குக் குரல் கொடுப்பார். அவர்கள் வாயசைத்தால் போதும். அதில் 'ஆமஸ் அண்ட் ஆண்டி' என்ற வானொலித் தொடரின் குரல்களும் உண்டு. வெள்ளை நடிகர்கள் கறுப்பினத்தவராகப் பேசிச் சிரிப்பு மூட்டிய தொடர் அது. ஆகவே ஐயம் நியாயமானது. ஆனால் பின்னாளைய கதைகளில் அந்தப் பேச்சு இருக்கும் இடமே வேறு. அங்கே அது சிரிப்புக்கு ஆளாவதில்லை. அறிவும் அருளும் உள்ளவர்கள் பேசும் மொழி அதுதான்.

'பிளாக் கிராஸ்' இதற்குச் சான்று. ஜோசப் நியூமன் எழுதிய கவிதை. ஆர்கன்சாவில் புத்தகம் படிக்கும் ஹெசகாயா ஜோன்ஸ் என்ற கறுப்பின விவசாயி, ஊராரின் மத நம்பிக்கைக்கு உடன்படாததால் தூக்கிலிடப்படுகிறார். பக்லி இதைச் சொல்லும்போது அலங்காரங்களையெல்லாம் கழற்றி வைத்துவிடுகிறார். சிரிக்க இடமே இல்லை.

பக்லியின் காலத்தில் நியூயார்க் இரவு விடுதிகளில் நிகழ்ச்சி நடத்தக் காவல்துறை வழங்கும் அனுமதி அட்டை வேண்டும். பில்லி ஹாலிடே, தெலோனியஸ் மங்க் போன்ற ஜாஸ் கலைஞர்கள் அந்த அட்டையை இழந்து பிழைப்பின்றித் தவித்திருக்கிறார்கள். 1960 அக்டோபரில் பக்லி 'ஜாஸ் கேலரி'யில் நிகழ்ச்சி நடத்திக்கொண்டிருந்தபோது, பழைய கைது ஒன்றை விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை என்று சொல்லி அவருடைய அட்டையையும் பறித்தார்கள். அதைத் திரும்பப் பெறும் போராட்டம் முடியுமுன்பே, நவம்பர் 12 அன்று, 54 வயதில் அவர் இறந்தார். அந்தச் சாவு அட்டை முறைக்கு எதிரான குரல்களை வலுப்படுத்தியது. 1967-ல் அந்த முறை ஒழிந்தது.

பக்லி இறந்த மறுஆண்டே, இருபது வயதுப் பாடகர் பாப் டிலன் 'பிளாக் கிராஸ்' சொன்னது ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது. பக்லி தன் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டுக்கு வைத்திருந்த 'கிராக்கர்பாக்ஸ் பேலஸ்' என்ற பெயரை, பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் 1976-ல் தன் பாட்டுக்குத் தலைப்பாக்கினார்.

இவரைப் புதிதாகக் கேட்க விரும்பும் நேயர்கள் 'த நாஸ்' பதிவிலிருந்து தொடங்கலாம். முதல் முறை பாதிச் சொற்கள் பிடிபடாது; அதைப் பொருட்படுத்தாமல் குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டும் தொடர்ந்து போகலாம். இரண்டாம் முறை கதை தானே திறந்துகொள்ளும். அதன் பிறகு 'பிளாக் கிராஸ்' கேட்டால், இந்தக் கலைஞரை நகைச்சுவையாளர் என்ற ஒரே பெயரில் அடைத்தது எவ்வளவு குறைவான மதிப்பீடு என்பது தெரியவரும்.