ராட்டையை எரித்த ராஜாவும் ராத்திரி ஷிஃப்ட் பொண்ணுங்களும்

டிஸ்னி இளவரசிப் படங்களைப் பத்திப் பேச ஆரம்பிச்சா வழக்கமா ஒரு கதை சொல்வாங்க. 1937ல ஸ்நோ ஒயிட் வீட்டைப் பெருக்கிட்டு இளவரசனுக்காகக் காத்திருந்தா. 1998ல முலான் வாள் எடுத்தா. 2016ல மோவானா காதலனே இல்லாம கடல் தாண்டினா. ஆக, பொண்ணுங்க முன்னேறிட்டாங்க. தப்பில்லை. ஆனா எனக்கு இந்தப் படங்கள்ல வேற ஒரு மாற்றம்தான் பெருசாத் தெரியுது. இளவரசியை யார் "பாதுகாக்கறாங்க", எதுக்காகப் பாதுகாக்கறாங்க? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஹாஸ்டல்ல தங்கி, ஷிஃப்ட் பஸ் ஏறிப் போய் வேலை பார்க்கற பொண்ணுங்களை மனசுல வெச்சுக்கிட்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்க.

முதல்ல 1959. "ஸ்லீப்பிங் பியூட்டி". குழந்தை அரோராவுக்கு ஒரு சாபம்: பதினாறாவது பிறந்தநாள் முடியறதுக்குள்ள ராட்டைக் கதிர் விரல்ல குத்திச் செத்துடுவா. ராஜா என்ன பண்றார்? நாட்டுல இருக்கற அத்தனை ராட்டையையும் எரிக்கச் சொல்றார். சின்ன வயசுல பார்த்தப்போ நமக்கு இது பாசமான அப்பாவா தெரிஞ்சிருக்கும். இப்போ பார்த்தா ஒரு சந்தேகம் வருது. ராட்டைங்கறது அந்தக் காலத்துப் பொம்பளைங்க கைக்கு வருமானம் தந்த கருவி. ஒரு பொண்ணைக் காப்பாத்த ஊர்ல எல்லாப் பொண்ணுங்களோட பொழைப்பையும் எரிச்சாச்சு. (பதினாறு வருஷம் அந்த நாட்டுல துணிக்கு என்ன பண்ணாங்கனு படம் சொல்லாது.) அதுக்கப்புறமும் சாபம் பலிச்சுடுச்சு. கதிர் குத்தினதுக்குப் பிறகு, தூங்கி எழுந்ததுக்கு அப்புறமும்கூட, அரோராவுக்கு ஒரு வசனம் கிடையாது.

இதே வேலையை நம்ம சட்டமும் செஞ்சிருக்கு. 1948ல வந்த தொழிற்சாலைகள் சட்டத்தோட 66வது பிரிவு, காலை 6 மணிக்கு முன்னாடியும் ராத்திரி 7 மணிக்குப் பின்னாடியும் பெண்களைத் தொழிற்சாலையில வேலை வாங்கக் கூடாதுனு சொல்லிச்சு. மாநில அரசு கொஞ்சம் தளர்த்தலாம், ஆனாலும் ராத்திரி 10ல இருந்து காலை 5 வரைக்கும் கூடவே கூடாது. நல்ல எண்ணம்தான். ஆனா இருட்டுதான் ஆபத்துன்னா, விளக்கு போடறதா பொண்ணை அனுப்பாம இருக்கறதா? 2000 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் இந்தத் தடை அரசியலமைப்புக்கு விரோதம்னு தள்ளுபடி பண்ணிச்சு. கூடவே, போக்குவரத்து மாதிரியான ஏற்பாடுகளை முதலாளிதான் செய்யணும்னு நிபந்தனையும் போட்டுச்சு. 2006ல ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா ஆலை ஆரம்பிச்சப்போ, அசெம்பிளி லைன்ல உக்காந்தவங்கள்ல பெரும்பாலானவங்க இளம் பெண்கள். இன்னிக்கு நடுராத்திரி ஒரகடம் ரோட்டுல போற கம்பெனி பஸ்ஸுங்களுக்குப் பின்னாடி அந்தத் தீர்ப்பும் இருக்கு.

திரும்பப் படத்துக்கு வருவோம். 2010ல வந்த "டேங்கிள்ட்"ல பாதுகாக்கற ஆளே வில்லி. கோத்தெல் அம்மா, ரப்புன்ஸெல்லை 18 வருஷம் கோபுரத்துல வெச்சிருக்கா. "வெளியே போகாதே, உலகம் மோசம்"ங்கறதுதான் அவ தினமும் பாடற பாட்டு. காரணம் ஒண்ணே ஒண்ணு. பொண்ணு பாடினா முடி ஒளிரும், அந்த ஒளியில கோத்தெல் இளமையாவா. பாதுகாப்புக்கு உள்ளே ஒரு லாபக் கணக்கு. 2013 "ஃப்ரோசன்"ல கெட்டவங்க இல்லாமலேயே இதே கதை: பெத்தவங்க பயந்துபோய் அரண்மனைக் கதவையே மூடிடறாங்க, ரெண்டு பொண்ணுங்களும் உள்ளேயே வளர்றாங்க. இந்தப் படங்கள்ல சாபத்தை விட பூட்டுதான் பெரிய பிரச்சினை. ராஜாவோட அன்பை 1959 படம் கேள்வி கேட்கலை. இந்த ரெண்டும் கேட்குது.

இப்போ ஹாஸ்டல். அவசரப்பட்டு "ஹாஸ்டல்னா கோபுரம், வார்டன்னா கோத்தெல்"னு சொல்லிட முடியாது. திருவண்ணாமலைப் பக்கமோ விழுப்புரம் பக்கமோ ஒரு கிராமத்துல இருந்து பத்தொன்பது வயசுப் பொண்ணு கிளம்பணும்னா, வீட்டுல முதல்ல கேக்கறது சம்பளம் இல்லை. "எங்க தங்குவ, யாரு கூட்டிட்டுப் போய் விடுவாங்க?"ங்கறதுதான். ஹாஸ்டலும் பஸ்ஸும் இல்லைன்னா அந்தப் பொண்ணு ஊர் எல்லையைத் தாண்டியிருக்கவே மாட்டா. அந்தக் கோபுரத்தாலதான் அவ கைக்குச் சம்பளம் வருது. டிஸ்னிக்கு இந்தச் சிக்கல் தெரியாது.

ஆனா 2021 டிசம்பரை மறக்க முடியாது. சுங்குவார்சத்திரம் பக்கத்துல ஐபோன் அசெம்பிள் பண்ற ஃபாக்ஸ்கான் ஆலையில வேலை பார்த்த பொண்ணுங்களோட ஹாஸ்டல் ஒண்ணுல, சாப்பாடு கெட்டுப்போய் 150 பேருக்கும் மேல ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அவங்க எப்படி இருக்காங்கனு தோழிகளுக்குச் சரியாத் தகவல் வரலை. வதந்தி பரவிச்சு. ராத்திரியோட ராத்திரியா பொண்ணுங்க வெளியே வந்து சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில உக்காந்துட்டாங்க. ஆலை சில வாரம் மூடிக் கிடந்துச்சு. ஹாஸ்டல்கள், சாப்பாட்டுக் கூடங்கள் சிலது தன்னோட விதிப்படி இல்லைனு ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கிச்சு. அவங்க பாதுகாப்புக்காகக் கட்டின சுவருக்கு உள்ளேதான் ஆபத்து இருந்துச்சு. ரப்புன்ஸெல்லை வெளியே கூட்டிட்டுப் போக ஒரு திருடன் வரணும். இவங்களுக்கு யாரும் வரலை, தானாவே எறங்கி வந்தாங்க.

2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால்ல 18,720 பேர் தங்கற அளவுக்குப் புது ஹாஸ்டல் திறந்தாங்க. பழைய நெரிசலான அறைகளைப் பார்த்தவங்களுக்கு இது பெரிய விஷயம். எனக்கும் சந்தோஷம்தான். ஆனா கட்டடம் எவ்வளவு பெருசுங்கறதை விட, கேட் சாவி யார் கையிலங்கறதைத்தான் நான் கேட்பேன்.

கல்யாணத்தைப் பத்தியும் சொல்லிடறேன். இளவரசிப் படம் கல்யாணத்தோட முடிஞ்சுடும், அதுக்கப்புறம் அவளுக்குக் கதையே இல்லை. 2024 ஜூன்ல ராய்ட்டர்ஸ் ஒரு செய்தி போட்டுச்சு: அதே ஃபாக்ஸ்கான் ஆலையில, கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காம ஒதுக்கறாங்கனு. பாகுபாடு எதுவும் இல்லைனு கம்பெனி மறுத்துச்சு. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசுகிட்ட அறிக்கை கேட்டுச்சு. படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது டியானாதான். 2009ல வந்த "தி பிரின்சஸ் அண்ட் தி ஃபிராக்" கதாநாயகி. ரெண்டு இடத்துல வெயிட்டர் வேலை பார்த்து, டிப்ஸ் காசைக் காபி டப்பாவுல போட்டு டிராயர்ல அடுக்கி வெப்பா. டிஸ்னி இளவரசிகள்ல இப்படிச் சம்பளத்தை எண்ணிச் சேர்க்கறவ இவ மட்டும்தான்னு நினைக்கிறேன். (பாவம், படத்துல பாதிக்கு மேல அவளைத் தவளையாக்கி வெச்சுட்டாங்க.) கல்யாணம் முடிஞ்சதும் படம் முடியாது. அவளும் புருஷனும் சேர்ந்து ஒரு பழைய கட்டடத்தைச் சரிபண்ணி, அவ கனவு கண்ட ரெஸ்டாரண்டைத் திறப்பாங்க.

இந்தப் பக்கம் ஹாஸ்டல்ல இருந்து கேட்டுட்டு இருந்தீங்கன்னா ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க: உங்க கேட் எத்தனை மணிக்கு மூடுவாங்க, அந்த நேரத்தை முடிவு பண்ணினது யாரு? பேர் சொல்ல வேண்டாம். அடுத்த எபிசோடுல அதை வெச்சுப் பேசலாம்.