படியெடுத்து வைப்போம்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியம் பேச வல்ல அறிஞர்கள் பலர் இவ்வவையில் வீற்றிருக்கின்றனர். ரயில்வேயில் குமாஸ்தா வேலை பார்க்கும் நாம், வீட்டுக்குப் பயன்படும் ஒரு செய்தியை மட்டும் சொல்லி அமைவோம். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் நாம் சேர்த்து வைத்திருப்பவற்றிற்குக் காப்புப் படி எடுப்பது எவ்வாறு என்பதே அது.

படியெடுத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஓலை செல்லரிக்கும் என்பதறிந்த நம் முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், பல இடங்களிலிருந்து ஏடுகளைத் திரட்டி ஒப்பு நோக்கினார். பல படிகள் பல ஊர்களில் இருந்தமையால் அது கைகூடிற்று. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோதோ, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சாம்பலாயின. ஒரே இடத்தில் ஒரே படி இருப்பது இல்லாமைக்கு அடுத்த நிலையே.

இன்று நம் இல்லங்களின் நிலை என்ன? பிள்ளையின் முதல் நடை, மகளின் திருமணப் படங்கள், ஊரிலிருந்து தாயார் வாட்ஸ்அப்பில் அனுப்பிய குரல் ஆகிய அனைத்தும் ஒரு கைப்பேசிக்குள் அடங்கியிருக்கின்றன. பிறந்த மண்ணை விட்டு வந்த நமக்கு, மறைந்த பெரியோரின் குரல் எஞ்சியிருப்பது அதில்தான். அது மழைநீரில் விழலாம். ரயிலில் களவு போகலாம். ஒரு நாள் காலையில் காரணமின்றி உயிர் விடலாம். கருவியை மீண்டும் வாங்கலாம். தாயாரின் குரலை எந்தக் கடையில் வாங்குவது?

ஆதலின் முதற்கண் கேட்க வேண்டிய கேள்வி, 'மீண்டும் கிடைக்காதது எது?' என்பதே. திரைப்படப் பாடல்கள் மீண்டும் கிடைக்கும். மதிப்பெண் சான்றிதழுக்கு விண்ணப்பித்து நகல் பெறலாம். 2015இல் தொடங்கிய அரசின் டிஜிலாக்கரிலும் பல சான்றுகள் கிடைக்கின்றன. படங்களும் குரல்களும் நாமே எழுதிய குறிப்புகளும் மீளா. அவற்றிற்கே முதலிடம்.

அடுத்து, எங்கே வைப்பது? மக்கள் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் மூன்று. பென் டிரைவ் மலிவு; ஆயினும் சிறிது, எளிதில் தொலையும்; ஆண்டுக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் பதிவு மங்கவும் கூடும். வெளியே இணைக்கும் ஹார்டு டிஸ்க் நிறையக் கொள்ளும், மாதச் சந்தா இல்லை. ஆனால் கீழே விழுந்தால் பழுதாகும். அதனை எந்நேரமும் கணிப்பொறியில் செருகி வைப்பதும் தவறு. 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய வான்னக்ரை போன்ற நச்சுநிரல், இணைந்திருக்கும் வட்டையும் சேர்த்தே பூட்டிவிடும்.

மூன்றாவது கிளவுடு எனப்படும் இணையச் சேமிப்பு. தானே படியெடுக்கும் என்பதால் சோம்பலுடையோர்க்கு இது நன்று. ஆனால் அதுவும் எங்கோ ஓரிடத்திலுள்ள கட்டடமே. 2021 மார்ச் 10ஆம் நாள் பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையம் ஒன்று தீக்கிரையாயிற்று. வேறிடத்தில் படி வைக்காதவர்கள் இழந்தனர். விதிகளும் மாறும். கூகுள் நிறுவனம் புகைப்படங்களுக்கு அளித்த வரம்பற்ற இலவச இடத்தை 2021 ஜூன் 1 முதல் நிறுத்தியது. மேலும், இங்கே அழித்தால் அங்கும் அழியும் ஏற்பாடு காப்புப் படி ஆகாது.

எனவே ஒன்றை மட்டும் நம்பற்க. பீட்டர் குரோ என்னும் புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி எளியது: படிகள் 3, சாதன வகைகள் 2, அவற்றுள் 1 வேறிடத்தில். இவ்விதியில் நமக்கொரு வசதி உண்டு. ஆண்டுக்கொரு முறை பாஸ் எடுத்து ஊருக்குச் செல்கிறோமல்லவா? ஒரு ஹார்டு டிஸ்க்கை உடன்பிறந்தார் வீட்டுப் பீரோவில் வைத்து வரலாம். மறு ஆண்டு புதுப்படியைக் கொடுத்துப் பழையதை எடுத்து வரலாம். இங்கே வெள்ளம் வந்தாலும் அங்கே ஒன்று இருக்கும். வங்கிக் குறிப்புகள் அதில் இருப்பின் கடவுச்சொல்லால் பூட்டுக. அச்சொல்லை இல்லாளுக்கும் சொல்லி வைக்குக. திறவுகோல் ஒருவரோடு மறைந்துவிட்டால் பெட்டி இருந்தும் பயனில்லை.

இறுதியாக ஒன்று. எடுத்த படி திறக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். 1998இல் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் கோப்புகள் ஒரு கட்டளையால் அழிந்தன. காப்புப் படியைத் தேடியபோது அது பழுதாகி இருந்தது. கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், மகப்பேற்றுக் காலத்தில் பணியாற்றத் தம் வீட்டில் வைத்திருந்த படியே அப்படத்தைக் காத்தது. பெருநிறுவனத்தைக் காத்தது வேறொரு கூரையின் கீழ் இருந்த படிதான்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் போதும். கணிப்பொறி அறிந்த நம் காலனி இளைஞர்கள், அறியாத முதியோர் இல்லங்களுக்குச் சென்று இதனைச் செய்து கொடுத்தால் அதுவே சிறந்த சங்கப் பணி.