எழுத மட்டும் அனுமதி



மருத்துவரைப் பார்க்கச் செல்பேசியிலேயே நேரம் பதிவு செய்வது இப்போது பல குடும்பங்களில் வழக்கமாகிவிட்டது. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துப் பதிவை முடித்ததும், திரையின் கீழே 'காலண்டரில் சேர்' என்று ஒரு பொத்தான் வரும். மறதிக்கு நல்ல மருந்து அது. அதைத் தொட்டவுடன் நடுத்திரையில் ஒரு சிறு பெட்டி எழும். இந்தச் செயலி உங்கள் காலண்டரை அணுகலாமா என்று கேட்கும். அதற்குக் கீழே 'அனுமதி', 'அனுமதிக்காதே' என்று இரண்டு பதில்கள் இருக்கும். நம்மில் பெரும்பாலோர் யோசிக்காமல் முதல் பதிலைத் தொட்டுவிடுகிறோம். அந்த ஒரு தொடுதலில் நாம் எதைக் கொடுக்கிறோம், உண்மையில் எவ்வளவு கொடுத்தால் போதும் என்பதைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

வீட்டுச் சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில் பால் வராத நாளைச் சுழிப்போம். கேஸ் சிலிண்டர் மாற்றிய தேதியைக் குறிப்போம். யார் பார்த்தாலும் கவலையில்லை. செல்பேசியில் இருக்கும் காலண்டர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஸ்கேன் எடுக்கப் போகும் நாள் அதில் இருக்கிறது. கடன் தவணைத் தேதி இருக்கிறது. மகளைப் பெண் பார்க்க வருகிறவர்களின் பெயரும் ஊரும் இருக்கின்றன. வேறு வேலைக்கு நேர்காணலுக்குப் போகும் நேரம், வக்கீலைச் சந்திக்கும் இடம், வீட்டைப் பூட்டிவிட்டுக் குலதெய்வம் கோயிலுக்குப் போகும் மூன்று நாள் எல்லாமே இருக்கின்றன. இத்தனையையும் வரிசையாகப் படிக்கிறவருக்கு ஒரு குடும்பத்தின் உடல்நிலை, பணநிலை, மனநிலை மூன்றும் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஒரே செல்பேசியில் நம் சொந்தக் கணக்கும் இருக்கும், அலுவலகக் கணக்கும் இருக்கும். கணவரோ மனைவியோ தம் காலண்டரை நம்மோடு பகிர்ந்திருக்கலாம். ஆண்ட்ராய்டு செல்பேசியில் ஒரு செயலிக்குக் காலண்டரைப் படிக்கும் அனுமதி கொடுத்தால், அந்தக் கருவியில் சேர்ந்திருக்கும் இந்தக் காலண்டர்கள் எல்லாமே அதன் கண்ணில் படும். நிகழ்வின் தலைப்பும் நேரமும் மட்டுமல்ல. இடம், குறிப்பு, அழைக்கப்பட்டவர்களின் மின்னஞ்சல் முகவரி வரை தெரியும். அனுமதி கொடுத்தவர் ஒருவர். வெளியே போவது பலருடைய தகவல்.

இது வெறும் அச்சம் அல்ல, நடந்திருக்கிறது. 2012 ஜூன் மாதம் இஸ்ரேலைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர்கள் இருவர் லிங்க்ட்இன் நிறுவனத்தின் ஐபோன் செயலியைச் சோதித்தார்கள். நாம் சந்திக்கப் போகிறவர்கள் யார், அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று காலண்டரோடு சேர்த்துக் காட்டும் ஒரு வசதி அந்தச் செயலியில் இருந்தது. விரும்பியவர்கள் அதை இயக்கிக்கொள்ளலாம். அப்படி இயக்கியவர்களின் காலண்டரிலிருந்து சந்திப்பின் தலைப்பு, இடம், நேரம், கலந்துகொள்வோர் பட்டியல் எல்லாம் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்க்கொண்டிருந்தன. சந்திப்புக்கென்று நாம் எழுதி வைக்கும் தனிக் குறிப்புகளும் கூடவே போயின. செய்தி வெளியானதும், குறிப்புகளை இனி அனுப்பமாட்டோம் என்று நிறுவனம் அறிவித்தது. இங்கே பயனர்கள் அனுமதி கொடுத்துத்தான் இருந்தார்கள். ஆனால் அவர்கள் எதற்குக் கொடுத்தார்களோ அதைத் தாண்டி எடுக்கப்பட்டது.

அதே 2012-இல் வெளிவந்த, ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 6, ஒரு செயலி முகவரிப் புத்தகத்தையோ காலண்டரையோ நினைவூட்டல்களையோ புகைப்படங்களையோ தொடுவதற்கு முன் பயனரைக் கேட்டே ஆக வேண்டும் என்று விதித்தது. ஆண்ட்ராய்டில் அந்த மாற்றம் 2015-இல், ஆறாம் பதிப்பில் வந்தது. அதற்கு முன்பு செயலியை நிறுவும்போதே நீண்ட பட்டியல் ஒன்றைக் காட்டுவார்கள். எல்லாவற்றுக்கும் சம்மதித்தால் செயலி கிடைக்கும். ஒன்றுக்கு மறுத்தாலும் கிடைக்காது. ஆறாம் பதிப்புக்குப் பிறகுதான் தேவைப்படும் நேரத்தில், ஒவ்வொன்றாகக் கேட்கும் முறை வந்தது. அந்தச் சிறு பெட்டி நமக்குத் தொல்லை தருவதற்காக வரவில்லை. நம் உரிமைக்காக வந்தது.

ஆனால் அதில் ஒரு குறை நீண்ட காலம் இருந்தது. காலண்டரில் எழுதுவது ஒரு வேலை. காலண்டரைப் படிப்பது முற்றிலும் வேறு வேலை. தபால்காரர் நம் வீட்டு வாசலில் உள்ள பெட்டியில் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். அதற்காக அவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுப்பதில்லை. மருத்துவமனைச் செயலி செய்ய வேண்டியதும் அவ்வளவுதான்: ஒரு நிகழ்வைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். நாமோ அதற்கு முழுச் சாவியையும் கொடுத்துவந்தோம். ஏனென்றால் பெட்டியில் வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

ஆப்பிள் நிறுவனம் 2023-இல் ஐஓஎஸ் 17 வழியாக இதைத் திருத்தியது. இப்போது ஐபோனில் காலண்டர் அனுமதி இரண்டு வகை. ஒன்று, நிகழ்வைச் சேர்க்க மட்டும். மற்றது முழு அணுகல். முதல் வகையைப் பெற்ற செயலியால் புதிய நிகழ்வை எழுத முடியும். ஏற்கெனவே உள்ள ஒரு வரியைக்கூடப் படிக்க முடியாது. ஆண்ட்ராய்டிலும் படிப்பதற்கும் எழுதுவதற்கும் தனித்தனி அனுமதிகள் உள்ளே இருக்கின்றன. ஆனால் நமக்கு வரும் கேள்வி 'காலண்டர்' என்ற ஒரே பெயரில்தான் வருகிறது. அமைப்புகள் பக்கத்திலும் ஒரே பெயர்தான். ஆண்ட்ராய்டின் எழுதும் அனுமதி என்பதும் சிறியதல்ல. அது இருந்தால் இருக்கும் நிகழ்வுகளை மாற்றவும் அழிக்கவும் ஒரு செயலியால் முடியும்.

இதைவிட முக்கியமான செய்தி ஒன்று உண்டு. இந்த அனுமதி எதுவுமே இல்லாமல் ஒரு நிகழ்வைக் காலண்டரில் சேர்க்க முடியும். ஆண்ட்ராய்டில் இதற்கான வழி 2011-இல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே இருக்கிறது. அது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 'காலண்டரில் சேர்' என்பதைத் தொடுகிறீர்கள். செயலி பின்னால் போய்விடுகிறது. உங்கள் செல்பேசியின் சொந்தக் காலண்டர் முன்னால் வந்து நிற்கிறது. புதிய நிகழ்வுக்கான படிவம் திறந்திருக்கிறது. தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் மருத்துவரின் பெயர், அதன் கீழே தேதி, ஆரம்ப நேரம், முடியும் நேரம், மருத்துவமனை இருக்கும் தெரு எல்லாம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கின்றன. நீங்கள் ஒருமுறை பார்க்கிறீர்கள். நேரம் சரிதானா? அலுவலகக் காலண்டரில் போகிறதா, வீட்டுக் காலண்டரிலா? மருத்துவரின் பெயர் மற்றவர்கள் கண்ணில் பட வேண்டாம் என்றால் தலைப்பை மாற்றிக்கொள்கிறீர்கள். பிறகு நீங்களே 'சேமி' என்பதைத் தொடுகிறீர்கள். அவ்வளவுதான். எழுதியது உங்கள் காலண்டர். ஒப்புக்கொண்டது உங்கள் விரல். அந்த நாளில் வேறு என்ன இருக்கிறது என்பது மருத்துவமனைச் செயலிக்குத் தெரியவே தெரியாது. ஐபோனிலும் ஐஓஎஸ் 17 முதல், இப்படித் திறக்கும் நிகழ்வுப் படிவத்துக்கு அனுமதி தேவையில்லை.

இன்னொரு வழியும் உண்டு, கோப்பு வழி. ஐசிஎஸ் என்று முடியும் சிறு கோப்பு ஒன்று மின்னஞ்சலில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். ஐகேலண்டர் என்ற பொதுத் தரத்தில் எழுதப்பட்ட கோப்பு அது. அந்தத் தரம் 1998-இல் முதலில் வெளியானது, 2009-இல் திருத்தப்பட்டது. பெரும்பாலான காலண்டர்கள் அதைத் திறந்து படிக்கும். இதற்கும் யாரிடமும் சாவி கொடுக்க வேண்டாம்.

அப்படியானால் செயலிகள் ஏன் அனுமதி கேட்கின்றன? எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. செயலி எழுதுகிறவர்களுக்கு உண்மையான தேவைகள் உண்டு. நீங்கள் ஒவ்வொரு முறையும் 'சேமி' தொட வேண்டியிருப்பது ஒரு படி கூடுதல். ஆண்ட்ராய்டில் செயலி தானாகவே எழுத வேண்டுமானால், எந்தெந்தக் காலண்டர்கள் இருக்கின்றன என்று முதலில் தேட வேண்டும். அதற்குப் படிக்கும் அனுமதியும் வேண்டும். மருத்துவர் வரும் நேரம் மாறினால், படிவம் வழியாகச் சேர்த்த பழைய நிகழ்வைச் செயலியால் திருத்த முடியாது. அது பழைய நேரத்திலேயே நிற்கும். இது உண்மையான சிரமம்தான். ஆனால் நேரம் மாறியதை ஓர் அறிவிப்பாக அனுப்பலாம். குறுஞ்செய்தி அனுப்பலாம். எப்போதோ ஒருமுறை மாறும் நேரத்துக்காக, எப்போதும் நம் வாழ்க்கையைப் படிக்கும் உரிமையைக் கேட்பது அளவுக்கு மீறிய விலை என்றே நான் கருதுகிறேன்.

முழு அனுமதி நியாயமாகத் தேவைப்படும் செயலிகளும் இருக்கின்றன. நீங்கள் விரும்பி நிறுவிய வேறொரு காலண்டர் செயலி, அலுவலகச் சந்திப்புகளுக்கு நடுவே ஓய்ந்த நேரத்தைக் கண்டுபிடித்துத் தரும் செயலி போன்றவை படிக்காமல் வேலை செய்ய முடியாது. அவற்றுக்குக் கொடுக்கலாம். ஆனால் டார்ச் விளக்குச் செயலியும் சமையல் குறிப்புச் செயலியும் காலண்டரைக் கேட்டால், கேள்வியே தவறு. தயங்காமல் 'அனுமதிக்காதே' என்று சொல்லுங்கள். மறுத்தால் மருத்துவமனைப் பதிவு ரத்தாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். காலண்டருக்கு மறுத்த ஒரே காரணத்துக்காக, அதோடு தொடர்பே இல்லாத வேலையையும் செய்ய மறுக்கும் செயலியைச் சந்தேகத்தோடு பார்ப்பதே சரி. தேவையில்லாத தகவலுக்கு ஏமாற்றியோ வற்புறுத்தியோ சம்மதம் வாங்கக் கூடாது என்று ஆப்பிளின் ஆப் ஸ்டோர் விதிகளே சொல்கின்றன.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. உங்கள் செல்பேசியில் வைரஸ் புகுந்துவிட்டது, உடனே இந்த இணைப்பைத் தொடுங்கள் என்று காலண்டரில் நிகழ்வுகள் வரிசையாகத் தோன்றினால், ஏதோ ஓர் இணையப் பக்கத்தில் தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தாதாரர் ஆகிவிட்டீர்கள் என்று பொருள். இணைப்பைத் தொடாதீர்கள். அந்தச் சந்தாக் காலண்டரையே நீக்கிவிடுங்கள். எல்லாம் ஒரேயடியாக மறைந்துவிடும்.

இதுவரை யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்று பார்ப்பதும் எளிது. ஆண்ட்ராய்டு செல்பேசியில் அமைப்புகள், அதில் தனியுரிமை, அதில் அனுமதி மேலாளர், அதில் காலண்டர். சில செல்பேசிகளில் பெயர்கள் சற்று மாறியிருக்கும். அமைப்புகளின் மேலே உள்ள தேடல் கட்டத்தில் 'அனுமதி' என்று தேடினாலும் கிடைக்கும். ஐபோனில் அமைப்புகள், தனியுரிமையும் பாதுகாப்பும், காலண்டர்கள். அனுமதி பெற்ற செயலிகளின் பட்டியல் அங்கே இருக்கும். தேவையில்லாததைத் தொட்டு அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். முழு அணுகல் கேட்ட செயலிக்கு, ஐபோனில் சேர்க்க மட்டும் என்று குறைக்கவும் செய்யலாம். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: திரும்பப் பெறுவது இனிமேலுக்குத்தான் பொருந்தும். ஏற்கெனவே நகலெடுத்துக்கொண்டு போனதை அது மீட்டுத் தராது. அதனால்தான் முதல் தொடுதலிலேயே கவனம் வேண்டும் என்கிறேன்.

சட்டமும் இப்போது நம் பக்கம் நிற்கத் தொடங்கியிருக்கிறது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. 2023-இல் நாடாளுமன்றம் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அது படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. நம் பேச்சுக்கு மிக நெருக்கமான ஓர் எடுத்துக்காட்டு அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. ஒருவர் தொலைமருத்துவச் செயலி ஒன்றை நிறுவுகிறார். மருத்துவச் சேவைக்கு வேண்டிய தகவலையும் கேட்டு, அவருடைய செல்பேசித் தொடர்புப் பட்டியலையும் செயலி கேட்கிறது. அவர் இரண்டுக்கும் சம்மதம் என்று சொல்லிவிடுகிறார். ஆனாலும் அந்தச் சம்மதம் மருத்துவச் சேவைக்கு மட்டுமே செல்லும். தொடர்புப் பட்டியல் அந்தச் சேவைக்குத் தேவையில்லை என்பதால் அதற்குச் செல்லாது என்கிறது சட்டம். காலண்டருக்கும் இதே அளவுகோலை வைத்துப் பார்க்கலாம். சம்மதம் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழியிலோ பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. அந்த அட்டவணையில் தமிழ் இருக்கிறது. புரியாத மொழியில் கேட்கப்படும் கேள்விக்குச் சொல்லும் 'சரி' சம்மதம் ஆகாது.

செயலிகளை உருவாக்கும் இளைஞர்கள் பலர் நம் ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். படிவம் வழியாகச் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் எழுத மட்டும் கேளுங்கள். முழு அனுமதி தேவை என்றால் எதற்கென்று தமிழில், இரண்டே வரியில் சொல்லுங்கள். மறுப்பவருக்கும் உங்கள் சேவை குறைவின்றிக் கிடைக்கட்டும்.

நேயர்களே, இந்த உரை முடிந்ததும் உங்கள் செல்பேசியில் அந்தப் பட்டியலை ஒருமுறை திறந்து பாருங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் செல்பேசியிலும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு செயலியும் என்ன கேட்கிறது என்று அவர்களுக்கு விளக்குங்கள். எந்தச் செயலி கேட்டாலும், இது எழுத வருகிறதா, படிக்க வருகிறதா என்று நம்மை நாமே கேட்டுக்கொண்டு பதில் சொல்வோம்.