தோல் அரசியலும் தோல் பராமரிப்பும்

(கல்லூரி மாணவியர் விடுதி ஒன்றில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்தத் தலைப்பைச் சொன்னதும் நம் தோழர்கள் ரெண்டு பேர் சிரிச்சாங்க. பஞ்சமி நிலம், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், இடஒதுக்கீடுன்னு பேச எவ்வளவோ கிடக்க, முகத்துக்குப் பூசுற க்ரீமுக்கு ஒரு கூட்டமா என்பதுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம். அவங்களுக்கு முதலில் ஒரு பழைய கணக்கைச் சொல்லிடறேன்.

1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அடுத்த ஆண்டு அது பதினொன்றாக ஆனது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் தன் நூலில் அந்தப் பட்டியலைப் பதிவு செய்திருக்கிறார். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கிராப்பு வெட்டக் கூடாது. பெண்கள் மேலுடம்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது, சாந்து பூசக் கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன.

நம் தோலின் மீது என்ன படலாம், என்ன படக்கூடாது என்பதைச் சாதி தீர்மானித்த வரலாறு இது. வெயில் படலாம், குடையின் நிழல் படக்கூடாது. ஆகவே நம் வீட்டுப் பெண் தன் முகத்தைக் கவனித்துக்கொள்வதை ‘நுகர்வு மோகம்’ என்று ஒரே வரியில் தள்ளிவிட எனக்குச் சம்மதமில்லை. அதே சமயம், அவள் கையில் இன்று இருக்கிற ட்யூபுக்குள்ளே என்ன இருக்குன்னு பார்க்காமல் விடவும் சம்மதமில்லை.

நிறம் வேறு, சாதி வேறு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கு. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையிலேயே சாதியை இனப் பிரிவாகப் பார்க்கும் வாதத்தை உடைத்துவிட்டார். பஞ்சாப் பார்ப்பனரும் பஞ்சாப் சமாரும் ஒரே இனவழி, சென்னைப் பார்ப்பனரும் சென்னைப் பறையரும் ஒரே இனவழி என்பது அவர் வாதம். 1948-இல் தீண்டப்படாதவர்கள் பற்றிய நூலில், வெள்ளைக்காரர்கள் மூக்கை அளந்து வைத்திருந்த கணக்கையே எடுத்து அதை மறுபடியும் நிறுவினார். இருந்தும் என்ன நடக்குது? மாநிறமாக இருக்கிற நம்ம பொண்ணுகிட்ட ‘உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே’ன்னு பாராட்டு மாதிரிச் சொல்றான். கருப்பாக இருக்கிறவளிடம் எதுவும் சொல்லாமலே முடிவு பண்ணிடறான். நம் மேடைகளிலும் சிலர் ‘கருப்பே நம் நிறம்’ என்று முழங்குகிறார்கள். எதிர்ப்புக் குரலாக அது சரி. சாதிக்கு நிறம் உண்டு என்று ஒப்புக்கொள்வதாக ஆகிவிட்டால் எதிரி வைத்த பொறியில் நாமே கால் வைக்கிறோம்.

இந்த நிற வேட்கையைக் காசாக்கிய ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் சந்தைக்கு வந்தது. கல்யாணமும் வேலையும் முகத்தின் வெளுப்பில் இருப்பதாக அதன் விளம்பரங்கள் சொல்லிக்கொடுத்தன. 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் கொல்லப்பட்டு உலகமே கொதித்த பிறகு ‘ஃபேர்’ போய் ‘குளோ’ வந்தது. இப்போ கடையில் ‘ஒயிட்டனிங்’ குறைந்து ‘பிரைட்டனிங்’ என்கிறார்கள். சொல்லை மாத்த வைத்ததும் அங்கே தெருவில் இறங்கிய கருப்பின மக்கள்தான். நம் ஊர்ப் பெண்கள் பட்ட அவமானத்துக்காக எந்தக் கம்பெனியும் அய்ம்பது வருஷமா ஓர் எழுத்தைக்கூட மாத்தியதில்லை.

சரி, தோலுக்கு வர்றேன். நான் அரசு மருத்துவமனை ஒன்றில் தோல் பிரிவில் செவிலியர். அங்கே தினம் பார்ப்பதை வைத்துப் பேசறேன்.

மெலனின் என்கிற நிறமியை உண்டாக்கும் செல்கள் வெள்ளைக்காரருக்கும் நமக்கும் எண்ணிக்கையில் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த நிறமிப் பொட்டலங்களின் அளவு, அவை பரவியிருக்கிற விதம் இவற்றில்தான் வித்தியாசம். நம் தோலின் இன்னொரு குணம், எங்கே புண்பட்டாலும் அங்கே கருப்புத் தழும்பு விடும். பரு, கொசுக்கடி, உராய்வு, எரிச்சல் எல்லாமே கறையாக நிற்கும். அதனாலே ‘எரிஞ்சா வேலை செய்யுதுன்னு அர்த்தம்’ என்ற பேச்சை நம்பாதீங்க. எரிகிற க்ரீம் நம் தோலைக் கருக்கத்தான் செய்யும். பாடப் புத்தகங்கள் எரிச்சலுக்கு அடையாளம் ‘சிவத்தல்’ என்று வெள்ளைத் தோலை வைத்து எழுதியவை. நம் தோலில் சிவப்புத் தெரியாது. சூடு, ஊறல், சொரசொரப்பு, அந்த இடம் மட்டும் ஊதாவாகவோ அடர்ந்தோ தெரிவது, இதெல்லாம்தான் நமக்கு அடையாளம். லேசில் இப்படி ஆகிற தோல்தான் மென்தோல்.

மேல்கையின் உட்புறத்தைப் பாருங்க. வெயிலே படாத இடம். அதுதான் உங்கள் நிறம். நல்ல பூச்சு எதுவானாலும் செய்யக்கூடியது கறைகளைக் குறைத்து முகத்தை அந்த நிறத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது, அதுவும் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரத்தில். அதையும் தாண்டி ஏழே நாளில் வெளுக்க வைக்கிற க்ரீம் கிடைச்சா சந்தோஷப்படாதீங்க. பெரும்பாலும் உள்ளே ஸ்டீராய்டு இருக்கும், இல்லைன்னா பாதரசம்.

ஸ்டீராய்டு கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லணும், எங்கள் ஓ.பி. வரிசையில் அதுதான் நிற்குது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபீட்டாசால் இவையெல்லாம் நல்ல மருந்துகள், டாக்டர் சொன்ன நோய்க்கு, சொன்ன நாள் வரைக்கும். மெடிக்கல் ஷாப்பில் ‘முகம் பளிச்சுனு ஆக’ என்று கேட்டால் இதைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த ட்யூபும் அப்படியே விற்குது. 2018-இல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டுப் பூச்சுகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென அறிவித்தது. சீட்டு யார் கேக்கறா?

முதல் ரெண்டு வாரம் இரத்த நாளங்கள் சுருங்கி முகம் வெளுத்து மின்னும். பக்கத்து ரூம் பொண்ணு ‘என்னடி போட்றே’ன்னு கேட்பா. பிறகு தோல் காகிதம் மாதிரி மெலியும், நரம்பு தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் முடி வளரும், வெயிலில் நின்றால் தீயாய் எரியும். பயந்து நிறுத்தினால் எரிச்சல் இரண்டு மடங்காகும். உடனே மறுபடி அதே ட்யூப். அப்படி மாட்டியிருந்தால் தோல் டாக்டரிடம் வாங்க. கூச்சப்படாமல் ட்யூபையும் கொண்டு வாங்க.

பாதரச க்ரீம் இன்னும் மோசம். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்காரும். 2023-இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்தது செய்தியானது. தயாரித்தவர் முகவரி, உரிம எண், உட்பொருள் பட்டியல் எதுவும் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. ‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பார்க்கவும்’ என்று போட்டிருந்தால் பாதரசமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுங்க.

தென்னாப்பிரிக்காவில் வெளுப்பு க்ரீமை நிறவெறி எதிர்ப்பு இயக்கமும் மருத்துவர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். ஹைட்ரோகுயினோனை நீண்ட நாள் பூசிய பெண்களின் கன்னம் மாறாத நீலக் கருப்பாகிப் போனதைப் பார்த்துத்தான் அந்தப் போராட்டம் வலுத்தது. 1990-இல் அந்த நாட்டில் அத்தகைய க்ரீம்களுக்குத் தடை வந்தது. க்ரீம் பற்றிப் பேசுவது இயக்க வேலையா என்று சிரித்த தோழர்கள் இதையும் குறித்துக்கொள்ளலாம்.

இப்போ நம்ம ஊர்ப் புழுக்கம். சென்னை, கடலூர், நாகை என்று கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை காயாது. அதன் மேல் கெட்டியான, எண்ணெய்ப் பசையுள்ள க்ரீமை அப்பினால் வேர்க்குரு, பரு, தேமல் எல்லாம் வரும். அது போனாலும் கறை விட்டுப் போகும். ஊட்டியில் இருக்கிறவளுக்குச் சரியான க்ரீம் உனக்குச் சரியில்லை. நீர்ப்பசையான ஜெல், லேசான லோஷன் போதும். வாசனை சேர்க்காததா பாருங்க. ‘வாசனை’ என்ற ஒரு சொல்லுக்குள்ளே எத்தனை ரசாயனம் என்று யாரும் சொல்ல மாட்டான். படர்தாமரைக்கு ஸ்டீராய்டு கலந்த ட்யூப் போட்டால் ஊறல் அடங்கும், பூஞ்சை பரவும். விடுதியில் துண்டை மாத்திப் பயன்படுத்துவதையும் நிறுத்துங்க.

மருந்துன்னு பார்த்தால் இரண்டைச் சொல்வேன். நியாசினமைடு, 4 அல்லது 5 சதவீதம். நிறமிப் பொட்டலம் மேல் தோலுக்கு இடம் மாறுவதைத் தடுக்கும், மென்தோலும் பெரும்பாலும் தாங்கும். 10 சதவீதத்தைத் தேடி ஓட வேண்டாம், அதிகம் போட்டால் அதிகம் வெளுக்கும்னு கணக்கு கிடையாது. அடுத்தது அசெலெய்க் அமிலம். பருவுக்கும் கறைக்கும் சேர்த்து வேலை செய்யும், முதலில் லேசாகக் குறுகுறுக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கணும். வைட்டமின் சி சீரம் இன்று ஊரெல்லாம் பேச்சு. நம் அறைச் சூட்டில் அது சீக்கிரம் பழுத்துப் பழுப்பாகிவிடும், மென்தோலில் எரியவும் செய்யும். காசைக் கரைக்காதீங்க. எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வாரம் பூசிப் பாருங்க. ஒரு நேரத்தில் ஒன்றுதான். ரெண்டு புதுசு ஒண்ணா ஆரம்பிச்சா எரிச்சல் எதனாலேன்னு தெரியாது.

எலுமிச்சம்பழம் தேய்த்துவிட்டு வெயிலில் போகாதீங்க, வெந்து கறையாகும். டூத்பேஸ்ட் பல்லுக்குத்தான். ஒட்டுப் பொட்டின் பசையாலே சிலருக்கு நெற்றியில் வெள்ளைத் திட்டு விழும், ஊறல் கண்டதும் நிறுத்துங்க.

வெயில் தடுப்புப் பூச்சு இல்லாமல் இவை எதுவும் நிற்காது. எஸ்.பி.எஃப். 30, முடிந்தால் தோல் நிறச் சாயம் கலந்தது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே நம் தோலில் கறையைக் கூட்டும், அந்தச் சாயத்தில் உள்ள இரும்பு ஆக்சைடு அதைத் தடுக்கும். ஆனால் முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பூசணும். வியர்த்து வழிந்தால் திரும்பப் பூசணும். சின்ன ட்யூப் சீக்கிரம் தீர்ந்துடும். உதவித்தொகை வாங்கிப் படிக்கிறவளுக்கு அது கட்டுப்படியாகாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலே முதலில் குடை வாங்குங்க. 1930-இல் பிடிக்கக் கூடாதுன்னு சொன்ன அதே குடை.

இன்னொன்று. கழுத்தைச் சுத்தி, அக்குளில், வெல்வெட் மாதிரித் தடிச்ச கருப்பு. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைகளை ‘அழுக்கு, குளிக்கலையா’ன்னு எத்தனை வாத்தியார் கேட்டிருக்காங்க! பிள்ளையும் பீர்க்கங்கூட்டை வைத்துத் தேய்க்கும். தேய்க்கத் தேய்க்க இன்னும் கருக்கும். அது அழுக்கே இல்லை. பல பேருக்கு உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. போய்ச் சர்க்கரை டெஸ்ட் எடுங்க. வாத்தியாருக்கும் சொல்லுங்க.

சாப்பாடு முடிஞ்சதும் ஒவ்வொருத்தரும் அலமாரியில் இருக்கிற ட்யூபு, டப்பா எல்லாத்தையும் இங்கே கொண்டு வாங்க. பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைச் சேர்ந்து படிப்போம். யார் வைத்திருந்ததுன்னு யாரும் கேட்க வேண்டாம்.