மங்கல் விளக்கும் வானத்தின் தூரமும்
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவிகள் சார்பில் ஆற்றிய உரை)



சிலாபம் கடற்கரையில் இரவில் நின்றால் வள்ளங்களின் விளக்குகள் தெரியும். மங்கலாகத் தெரிவது அருகிலுள்ள சிறிய விளக்கா, தூரத்திலுள்ள பெரிய விளக்கா? விளக்கின் உண்மையான ஒளி தெரிந்தால்தான் மங்கலைக் கொண்டு தூரத்தைக் கணிக்கலாம்.

பிரபஞ்சம் விரியும் வேகத்தை அளப்பதிலும் இதே சிக்கல்தான். ஒரு விண்மீன் மண்டலம் விலகும் வேகத்தை, அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகர்வதிலிருந்து அறியலாம். தூரத்தை அறிவதுதான் கடினம்.

அதற்கு அளவுகோல் தந்தவர் ஒரு பெண், ஹென்றியேற்றா லெவிற். அமெரிக்காவின் ஹாவார்ட் வானாய்வு நிலையத்தில் மணிக்கு 30 சதம் கூலிக்கு, கண்ணாடித் தகடுகளில் பதிந்த வானப் படங்களை ஆராய்ந்தவர். காது சரியாகக் கேளாதவர். சிறிய மகெல்லன் மேகத்தில் ஒளி கூடிக் குறையும் 25 விண்மீன்களை ஒப்பிட்டு, மெதுவாகத் துடிப்பது அதிக ஒளியுடையது என்று 1912இல் காட்டினார். துடிப்பின் காலத்தை எண்ணினால் விளக்கின் உண்மையான ஒளி தெரியும். அறிக்கையில் கையொப்பம் நிலைய இயக்குநருடையது. ஆயினும் தயாரித்தவர் லெவிற் என்று அதன் தொடக்கமே சொல்கிறது.

அந்த அளவுகோலைக் கொண்டு எட்வின் ஹபிள் 1929இல் பெற்ற விடை, ஏறத்தாழ 33 இலட்சம் ஒளியாண்டு தூரத்துக்குச் செக்கனுக்குச் சுமார் 500 கிலோமீற்றர். அது மிக அதிகம் என்று பின்னர் தெரிந்தது. இன்று விண்மீன்களைக் கொண்டு அளப்போர் பலர் 73 என்கிறார்கள். பிரபஞ்சத்தின் ஆதி ஒளியை ஆராய்ந்த பிளாங்க் விண்கலத்தின் தரவுகள் 67 என்கின்றன. பிழை அளவீட்டிலா, எங்கள் அறிவிலா? இன்னும் முடிவாகவில்லை.

சகோதரிகளே, லெவிற் வாழ்ந்த ஊரின் வானில் அந்த மேகம் உதிப்பதே இல்லை. பெருவில் எடுத்த படங்களில்தான் அதைக் கண்டார். எங்கள் தெற்கு வானிலோ அது தாழ்வாக எழுகிறது. டிசம்பரில் நிலவில்லாத தெளிந்த முன்னிரவில் பிள்ளைகளை வெளியே கூட்டிச் சென்று தேடிப் பாருங்கள்.

எங்கள் காலத்தில் பௌதிகம் ஆண்பிள்ளைகளின் பாடம் என்றார்கள். எங்களில் சிலர் அதைக் கேட்டு விட்டுவிட்டோம். இன்று ஒரு பிள்ளை அதைப் படிக்க ஆசைப்பட்டால், "உனக்கு ஏன்?" என்று நாங்கள் கேட்காதிருப்போம். தீராத கணக்கு இன்னும் காத்திருக்கிறது.