மணிமேகலையில் மந்திரத்தின் நியதி



ஆராய்ச்சிக்குரிய அரிய பொருள்கள் எத்தனையோ இருக்க, மாயமந்திரக் கதைகளைப் பற்றிப் பேச வந்து நிற்பவனைச் சான்றோர் நிறைந்த இச்சபை சற்று ஐயத்தோடு நோக்குமானால் அதில் வியப்பில்லை. ஆயினும் இப்பொருள் காரைக்குடிக்கு அந்நியமானதன்று. இவ்வூரிற் பிறந்த ஏ. வி. மெய்யப்பச் செட்டியார், தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை அமைத்துப் படம்பிடிக்கத் தொடங்கிய சில ஆண்டுகளுக்குள், பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தை ஆதாரமாகக் கொண்டு 1948-ல் ‘வேதாள உலகம்’ என்னும் படத்தைத் தாமே இயக்கி வெளியிட்டார்.

மாயக் கதை என்றாலே எதுவும் நடக்கலாம் என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. எதுவும் நடக்கக்கூடிய கதையில் நடப்பது எதற்கும் மதிப்பிராது என்பதே என் அபிப்பிராயம். வரவில்லாமல் பற்று எழுதும் கணக்குப்பிள்ளையை இந்நாட்டுச் செட்டியார் எவரும் ஒருநாள்கூடக் கடையில் வைத்துக்கொண்டிருக்கமாட்டார். கதாசிரியனிடமும் வாசகன் அந்தக் கண்டிப்பையே காட்டவேண்டும். அமெரிக்க நாவலாசிரியர் பிராண்டன் சாண்டர்சன், கதையின் சிக்கலை மந்திரத்தால் தீர்க்கும் உரிமை, அம்மந்திரத்தை வாசகன் எவ்வளவு விளங்கிக்கொண்டிருக்கிறான் என்பதைப் பொறுத்தது என்று 2007-ல் ஒரு விதியாகவே எழுதி வைத்தார். 2006-ல் வந்த அவரது ‘மிஸ்ட்பார்ன்’ நாவலில் மாந்தர் உலோகத் துகளை விழுங்கி ஆற்றல் பெறுகிறார்கள். ஓர் உலோகத்துக்கு ஓர் ஆற்றல். உலோகம் தீர்ந்தால் ஆற்றலும் தீர்ந்தது. இம்முறையை இக்காலத்து இளைஞர் புதுமை என்று கொண்டாடுகின்றனர். கொண்டாடட்டும், அதற்கு முன் நம் வீட்டுத் திண்ணைக் கதையையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

வேதாளம் விக்கிரமாதித்தனுக்கு விதித்த நிபந்தனை எத்தகையது? விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் தலை சுக்குநூறாகும். வாய் திறந்தாலோ மௌனம் கலைந்து வேதாளம் மீண்டும் மரத்தில் ஏறிக்கொள்ளும். இருபுறமும் அடைபட்ட இச்சிறையிலிருந்து அரசன் வெளிவருவது வாள்வலியாலன்று. தந்தை ஒரு பெண்ணையும் மகன் அவளுடைய தாயையும் மணந்தால், அவ்விரு தம்பதியர்க்கும் பிறக்கும் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை என்ற வினாவுக்கு அவனுக்கு மெய்யாகவே விடை தெரியவில்லை. தெரியாதவன் மௌனம் நிபந்தனையை மீறியதாகாது. விதி வளையவில்லை, விதிக்குள்ளேயே வழி இருந்தது. நம் பாட்டிமார் இதைத் தர்க்கம் என்று சொன்னதில்லை, அவ்வளவே.

இத்திறத்தில் தமிழின் தலைசிறந்த படைப்பு எது என்று என்னைக் கேட்டால், சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையையே சொல்வேன். 1898-ல் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சேற்றிய நாள்முதல் பௌத்த காவியம் என்றும், பசிப்பிணி தீர்த்த காவியம் என்றும் அதனைப் போற்றி வருகிறோம். கதைக் கட்டுமானத்தின் கணக்கில் எவ்வளவு நேர்மையானது என்பதை நோக்கியோர் சிலரே.

30 காதைகள் கொண்ட அந்நூலின் பத்தாம் காதையில், மணிபல்லவத்தில் மணிமேகலா தெய்வம் காவியத் தலைவி மணிமேகலைக்கு மூன்று மந்திரங்களைக் கொடுக்கிறது: வேற்றுருக் கொள்வதற்கு ஒன்று, வான்வழிச் செல்வதற்கு ஒன்று, பசியைத் தாங்குவதற்கு ஒன்று. அள்ளிக் கொடுத்தாற்போல் தோன்றினும் அளந்தே கொடுத்திருக்கிறார் கவிஞர். இளம் பெண் என்று எண்ணிச் சமயவாதிகள் தம் கொள்கையை உரைக்கமாட்டார் என்பதனால் முதல் மந்திரம் வேண்டியிருக்கிறது என்று தெய்வம் அங்கேயே காரணமும் சொல்லிவிடுகிறது. வஞ்சி மாநகரில் அவள் மாதவன் வடிவு கொண்டு சமயக்கணக்கர் முன் நிற்கும்போது அச்சொல் பலிக்கிறது. பசி மந்திரம் பதின்மூன்று காதைகள் வாளாவிருந்து, இருபத்து மூன்றாம் காதையில், மகனை இழந்த இராசமாதேவி அவளைப் புழுக்கறையில் அடைத்து உணவு மறுக்கும்போது வேலை செய்கிறது. அதற்கு முன் ஒரு முரடனை அரசி ஏவியபோது, அவன் முன் ஆணுருவாய் நின்று தப்புகிறாள். அரசியின் கொடுமைக்கு எதிராகப் புதிய வரம் ஒன்றும் வானத்திலிருந்து இறங்குவதில்லை. முன்பே நம் கண்ணெதிரில் கொடுக்கப்பட்டவையே கைகொடுக்கின்றன.

இதனினும் நுட்பம் ஒன்று உண்டு. அவ்வரசியின் மகனாகிய, தன்னை விரும்பித் தொடர்ந்த உதயகுமாரனிடமிருந்து ஒதுங்குவதற்காக மணிமேகலை காயசண்டிகை என்னும் விஞ்சைப் பெண்ணின் உருவை ஏற்கிறாள். அம்மந்திரம் கண்ணை ஏமாற்றுமேயன்றி, காயசண்டிகைக்குக் காஞ்சனன் என்றொரு கணவன் இருப்பதை இல்லையென்றாக்காது. 12 ஆண்டுகள் கழிந்தும் திரும்பாத மனைவியைத் தேடி வந்த அந்த விஞ்சையன், அவள் உருவம் அரசகுமாரனோடு உரையாடக் கண்டு, வாளை உருவிவிடுகிறான். தப்புவதற்குக் கைக்கொண்ட உபாயமே அரசகுமாரன் கொலையுண்ணக் காரணமாயிற்று. தன் விலையை இவ்வாறு கறாராக வாங்கும் மந்திரத்தைப் பிற்காலத்து ஜாலக் கதைகளில் நான் அதிகம் கண்டதில்லை.

அந்தப் 12 ஆண்டுக் கணக்கும் எழுந்தமானத்தில் வந்ததன்று. பொதியிற் சாரலில் 12 ஆண்டுக்கு ஒரு கனி தரும் நாவல் மரத்தின் பழத்தை உண்டு நோன்பு முடிக்கும் விருச்சிக முனிவன், அக்கனியைக் காலால் சிதைத்த காயசண்டிகைக்கு, அடுத்த கனி வரும்வரை யானைத்தீ என்னும் அடங்காப் பசியைச் சபிக்கிறான். அவன் இழந்த காலம் எவ்வளவோ அவ்வளவே அவள் தண்டனை! நோய் தீர்ந்து வானில் பறந்தவள் விந்தமலையின் மேல் எவரும் செல்லலாகாது என்னும் நியமத்தை மீறி, அதைக் காத்து நிற்கும் விந்தாகடிகையால் நிழலைப் பற்றி இழுக்கப்பட்டு, அத்தெய்வத்தின் வயிற்றுள் அடங்குகிறாள். அவளுக்கும் சலுகை இல்லை.

அமுதசுரபியின் நிலையும் இத்தகையதே. சிந்தாதேவி ஆபுத்திரனுக்கு அளித்த அப்பாத்திரத்தில் இட்ட உணவு, ஏற்பவர் கை வருந்தினும் தான் குறைவதில்லை. ஆயினும் யாரேனும் ஒருவர் முதலில் இடவேண்டும். பத்தினிப் பெண்டிர் இடும் பிச்சையை ஏற்பதே தகும் என்று மணிமேகலை ஆதிரையின் வாயிலில் சென்று நிற்கிறாள். அவ்வாதிரையோ, பொருளிழந்து வணிகரோடு கலமேறிய சாதுவனின் மனைவி. அவன் கலம் கவிழ்ந்தது என்று கேட்டுத் தீயிற் பாய்ந்து, தீயும் சுடாமற் போகக் காத்திருந்தவள். கொண்டுவிற்கப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன கணவன்மாரை எதிர்பார்த்து வளவுகளில் ஆண்டுகளை எண்ணிய ஆச்சிமாரின் பேரப்பிள்ளைகளுக்கு இவளை நான் அறிமுகம் செய்யவேண்டியதில்லை.

ஆபுத்திரனின் முடிவை மட்டும் சற்று நின்று பார்க்கவேண்டும். அவன் மேல் சினந்த இந்திரன் பாத்திரத்தைப் பறிக்கவில்லை, மழை பெய்வித்தான். பாண்டி நாடு செழித்தது, உண்பாரில்லை, பாத்திரம் இருந்தும் பயனற்றதாயிற்று. எதிரியை வெல்ல இதைவிடக் கூரிய யுக்தி ஒன்றை நான் படித்ததில்லை. பஞ்சம் கேட்டுச் சாவக நாடு செல்லக் கலமேறியவன், கப்பல் விட்டுப்போய்விட, மணிபல்லவத்தில் தனித்து நின்றான். கையில் அட்சய பாத்திரம். உயிர் காத்துக்கொள்வது எளிது. பல்லுயிர் ஓம்ப வந்ததைக் கொண்டு தன்னுயிரை மட்டும் ஓம்புவதற்கு அவன் மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கொரு நாள் வெளித்தோன்றுக என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதனை இட்டுவிட்டு, உண்ணாதே உயிர் நீத்தான். வைகாசி விசாகத்தில் அது மணிமேகலை கையில் வந்து சேர்வதும் அவன் அன்று விதித்த அச்சொல்லினாலேயே.

குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சக்கரவாளக் கோட்டத்துத் தூணிலிருந்து பேசும் கந்திற்பாவை, முக்காலத்தையும் தானே சொல்லி முடித்துவிடுவதால், மாந்தர் தாமே அறிந்து தடுமாறவேண்டிய சில இடங்கள் மெலிந்துபோகின்றன. அங்கே சாத்தனார் அவசரப்பட்டுவிட்டார் என்றே தோன்றுகிறது.

இறுதிக் காதைகள் வறட்சியானவை, கதையோடு ஒட்டாதவை என்று கூறுவோர் பலர். இருபத்தொன்பதாம் காதையில் பௌத்த முனிவர் அறவண அடிகள் பிரத்தியட்சம், அனுமானம் என்னும் அளவைகளையும், பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் போலிகளையும் விரித்துரைப்பதை அறிஞர் வடமொழி ‘நியாயப்பிரவேச’த்தோடு ஒப்பிடுவர். முப்பதாம் காதை பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரு சார்புகளைச் சொல்கிறது: ஒன்று சார ஒன்று தோன்றும், ஒன்று கெட ஒன்று கெடும். நாவற்கனிக்கும் யானைத்தீக்கும், மாற்றுருவுக்கும் காஞ்சனன் வாளுக்கும் இடையே நாம் இதுவரை கண்டதும் அச்சங்கிலியையே அல்லவா? காரணமின்றிக் காரியம் இல்லை என்று நம்பிய ஒரு சமயத்தின் கவிஞன், தன் மந்திரங்களுக்கு மட்டும் காரணமின்றி நடக்க எப்படி உரிமை கொடுப்பான்? ஆகவேதான், வானில் பறக்கவும் வடிவு மாறவும் பசி பொறுக்கவும் வல்ல அப்பெண், இந்தக் கடைசிக் காதையில் மூன்று மந்திரங்களுள் ஒன்றையும் ஓதவில்லை. பவத்திறம் அறுகென்று நோன்பு ஏற்கிறாள்; அதற்குரிய மந்திரம் எதையும் மணிமேகலா தெய்வம் அவளுக்குக் கொடுத்திருக்கவில்லை.